கல்லா, தோலா? ஒரு சவரக்கத்தியின் பூர்வகதை

முதல்ல ஒரு டிஸ்கி. நான் சொல்லப்போற பாபநாசம், தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல, குடமுருட்டிப் பக்கம் இருக்கிற பாபநாசம். இங்க அருவி கிடையாது. 2015-ல் வந்த கமல் படத்து ஊரும் இது இல்லை, அது நெல்லைச் சீமை. "குளிக்க வரலாமா?"ன்னு கேக்கற வெளியூர் நண்பர்களுக்கு இதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. எங்க ஊர்ல இருக்கிறது நூத்தியெட்டு சிவலிங்கம், திருப்பாலைத்துறை கோயில்ல நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம், சுத்திலும் வயல். மண்ணைத் தோண்டினா வண்டல், இன்னும் தோண்டினா மணல். கல்லுன்னு ஒண்ணு கிடையாது. இந்தக் கடைசி வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

விஷயம் சவரக்கத்தி. ரெண்டு வருஷமா பழைய மடக்குக் கத்தியாலதான் முகம் மழிச்சுக்கறேன். ஆபீஸ்ல ஆணி புடுங்கறது போதாதுன்னு இது வேறயான்னு வீட்டுல கேட்டாச்சு. மழிக்கிறது ஒரு மாசத்துல கைவந்துடும். தீட்டறதுதான் பெரும்பாடு. அதுலயும் கடைசிப் படி. கத்தியோட வாயைக் கடைசியா எதுல முடிக்கிறது? ரொம்ப நைசான கல்லுலயா, இல்லை பூச்சுத் தடவின தோல்லயா? உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடிச்சவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கறாங்க. பெல்ஜியத்து மஞ்சள் கல்லுன்னு ஒருத்தர், ஜப்பான்ல கியோட்டோ பக்கத்து மலைக்கல்லுன்னு இன்னொருத்தர், அதெல்லாம் தண்டம், தோல்ல பச்சைப் பூச்சு தடவினா போதும்னு மூணாமவர். நானும் ஒரு கட்சியில சேரலாம்னு கிளம்பினேன். போன வழியெல்லாம் வரலாறு காலைத் தட்டிவிட்டுது. அதுதான் இந்தப் பதிவு.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எண்பதுகள்ல எங்க வீட்டுத் திண்ணைக்கு ஞாயித்துக்கிழமை காலையில அவர் வருவார். பேர் வேண்டாம், அவர் பிள்ளை இன்னும் ஊர்ல சலூன் வெச்சிருக்கார். கக்கத்துல அடப்பம். இந்த வார்த்தை தெரியாத தலைமுறைக்கு: அடப்பம்னா நாவிதரோட கருவிப் பை. கத்தி, கத்திரி, சீப்பு, நகம் எடுக்கிற சின்ன உளி, காதுல குறும்பி எடுக்கிற கரண்டி, தண்ணிக்குப் பித்தளைக் கிண்ணம், கைக்கண்ணாடி. அடியில ஒரு கல்லு, சுருட்டி வெச்ச ஒரு தோல்.

எங்க தாத்தாவைவிட ரெண்டு வயசு மூத்தவர்னு ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுது. தாத்தா அவரை "வாடா"ம்பார். அவர் என்னை, ஆறு வயசுப் பொடியனை, "சின்னய்யா"ம்பார். நாங்க பசங்களும் "வந்தான், போனான்"தான். இப்ப எழுதக் கூசுது. ஆனா அதை மாத்தி எழுதிட்டு இதுக்கு வரலாறுன்னு பேர் வைக்க முடியாது. கூலி காசா கிடையாது. அறுப்பு முடிஞ்சு களத்துமேட்டுல நெல் அளக்கும்போது அவர் பங்கு மரக்கால்ல விழும். அந்த நெல்லுக்காக வருஷம் பூரா எங்க வீட்டு ஆம்பளைங்க தலை, தாடி, பிள்ளைங்களுக்கு மொட்டை, செத்தா அதுக்கான சடங்கு எல்லாம் அவர் பொறுப்பு. காலு கையில கட்டி வந்தா கீறிவிடறதும் அவர்தான். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர்னு பேர் சும்மா வரலை. அவர் வீட்டம்மாதான் தெருவுல பாதிப் பேருக்கு பிரசவம் பார்த்தவங்க.

அவர் கல்லை எடுத்து நான் பார்த்தது அபூர்வம். தோல்தான். ஒரு முனையைக் கால் கட்டைவிரல்ல மாட்டி, மறுமுனையை இடது கையால இழுத்துப் பிடிச்சு, கத்தியைப் போட்டுப் போட்டுத் திருப்புவார். சளக் சளக்னு ஒரே தாளம். கடைசியா உள்ளங்கையில நாலே நாலு இழுப்பு. எங்களுக்கு அதுதான் சர்க்கஸ். ரத்தம் வருமான்னு காத்துக்கிட்டே இருப்போம், ஒருநாளும் வந்ததில்லை.

அந்த உள்ளங்கை வித்தையோட அர்த்தம் எனக்கு நாப்பது வயசுக்கு மேலதான் புரிஞ்சுது. அதைச் சொல்லணும்னா கத்தியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அரிவாளைத் தீட்டும்போது கோணம் நம்ம கையில இருக்கு. சவரக்கத்திக்குக் கோணம் கத்திக்குள்ளேயே இருக்கு. முதுகு தடிமன், நடுவுல குழிவு, வாய் மெல்லிசு. முதுகும் வாயும் சேர்ந்து கல்லுல படற மாதிரி படுக்க வெச்சுத் தள்ளினா, பதினாறு பதினேழு டிகிரி பக்கத்துல கோணம் தானா விழும். கல்லுல வாய் முன்னால போகணும். தோல்ல முதுகு முன்னால போகணும், மாத்திப் போட்டா தோல் ரெண்டு துண்டு (என்னோட முதல் தோல் அப்படித்தான் போச்சு, ஹி ஹி).

கல்லுக்கு நம்பர் உண்டு. 1000-ல ஆரம்பிச்சு 4000, 8000னு ஏறணும். 8000 நம்பர் கல்லுல துகளோட அளவு சுமாரா 2 மைக்ரான். 12000-ல அதுல பாதி. தோல்ல தடவற பச்சைப் பூச்சு குரோமியம் ஆக்சைடு, அது அரை மைக்ரான் பக்கம். நம்ம தலைமுடியே 50-லேருந்து 100 மைக்ரான் தடிமன்னு வெச்சுக்கிட்டா, இது எவ்வளவு பொடின்னு புரியும். கல்லு எஃகை வெட்டும், கோடு போடும். வெறும் தோல் வெட்டாது, மடங்கின பிசிறை நிமித்தி வாயை மெழுகும். பூச்சுப் போட்ட தோல் ரெண்டுக்கும் நடுவுல. வெட்டும், ஆனா தோல் அமுங்கிக் கொடுக்கறதால கொஞ்சம் கொஞ்சமா வாய் உருண்டுபோகும். உருண்டதும் திரும்பவும் கல்லுக்குத்தான் போகணும். உள்ளங்கைங்கறது பூச்சே இல்லாத, கொழுப்பும் ஈரமும் சரியான அளவுல இருக்கிற தோல். அவ்வளவுதான் வித்தை.

எஃகைவிட முடி ஏறக்குறைய அம்பது மடங்கு மிருது. அப்புறம் ஏன் கத்தி மழுங்குது? 2020-ல் அமெரிக்காவில எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்கு அடியிலேயே முடியை மழிச்சுப் பார்த்து 'சயின்ஸ்' ஆய்விதழ்ல எழுதினாங்க. கத்தி தேஞ்சு மட்டும் மழுங்கறதில்லையாம். முடி வளைஞ்சு, வாயில எஃகு ஒரே சீரா இல்லாத இடமா பார்த்து மோதும்போது, அங்க சில்லு சில்லா உடையுதாம். அப்ப கடைசிப் படிங்கறது வெறும் கூர் இல்லை, உடைய இடம் கொடுக்காத சீரான வாய். திண்ணைக்கு வந்தவர் இதை நுண்ணோக்கி இல்லாம காதாலேயே கண்டுபிடிச்சுக்கிட்டிருந்தார். தோல்ல சத்தம் மாறினதும் நிறுத்துவார்.

கல்லும் தோலும் எவ்வளவு பழசுன்னு தேடினா புத்தர் வரைக்கும் போகுது. பிக்குகள் என்னென்ன வெச்சுக்கலாம்னு விநய பிடகத்துல விதி இருக்கு. சவரக்கத்தி, கத்திக்குக் கல்லு, கத்திக்கு உறை, ஒரு துண்டு கம்பளம், மத்த சவர சாமான்கள்னு பட்டியல் போடுது. இதுல வேடிக்கை என்னன்னா, புத்தர் மறைஞ்சப்புறம் நடந்த முதல் சங்கத்துல இந்த விநய விதிகளை எல்லாம் ஒப்பிச்சவர் உபாலி. சாக்கியர்களோட நாவிதரா இருந்து துறவியானவர். கத்திக்கல்லைப் பத்தின விதியை நம்ம கைக்குக் கொண்டுவந்தது ஒரு நாவிதர் வாய்! அப்புறம் அந்த விநயத்தைச் சுருக்கிப் பாடல்களா எழுதினவங்கள்ல ஒருத்தர் புத்ததத்தர். நம்ம சோழநாட்டுக்காரர். காவிரிக்கரையில பூதமங்கலத்து விகாரையில இருந்து 'விநய விநிச்சயம்' எழுதினதா நூலே சொல்லுது. ஆக டெல்டாவுல மொட்டைத் தலைகளும், அதை மழிக்கக் கத்தியும், கத்திக்குக் கல்லும் ஆயிரத்தைந்நூறு வருஷமாவது இருந்திருக்கணும்.

பெரிய கோயில்லயும் நாவிதர் இருக்கார். தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் பட்டியல் எல்லாருக்கும் தெரியும். அதே ராஜராஜன் கல்வெட்டுல நட்டுவர், பாடகர், தையல்காரர், தச்சர், கணக்கர், வண்ணார், நாவிதர்னு கோயில் வேலைக்காரங்க எல்லாரும் வரிசையா வர்றாங்க. ஒரு முழுப் பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால அளந்து. எங்க தெருக் களத்துமேட்டுல நான் பார்த்ததும் அதே மரக்கால், அதே நெல். நடுவுல ஆயிரம் வருஷம்.

சரி, கல்லுக்கு வருவோம். வண்டல் பூமியில கல்லு ஏது? கோயில் கல்லு வெளியூர், அம்மி வெளியூர், ஆட்டுக்கல் வெளியூர். நாவிதர் கையில இருக்கிற கல்லும் வெளியூர்தான். எங்கேருந்து?

இங்கதான் எனக்குப் புல்லரிச்சுது. உலகத்துல வைரத்துக்கு அடுத்தபடியா ரொம்பக் கடினமான கனிமங்கள்ல ஒண்ணு இருக்கு, அதுக்கு ஆங்கிலத்துல என்ன பேர்? கொரண்டம். அது நம்ம குருந்தம். குருந்தக்கல். மாணிக்கமும் நீலமும் வேதியியல்படி இதோட அண்ணன் தம்பிங்க, அலுமினியம் ஆக்சைடு. சிவப்பு கலந்தா மாணிக்கம், அழுக்கா இருந்தா சாணைக்கல் :-) (ஆவுடையார்கோயில்ல மாணிக்கவாசகர் கதையில வர்ற குருந்தம் மரம். அது வேற, குழப்பிக்காதீங்க.)

பதினெட்டாம் நூற்றாண்டோட தொடக்கத்துல, சென்னைக் கோட்டையில பல்க்லின்னு ஒரு ஆங்கில வைத்தியர் இருந்தார். அவர் லண்டன்ல ஜான் உட்வர்டுங்கற கல்லு சேகரிக்கிறவருக்கு நம்ம ஊர்க் கல்லுங்களை அனுப்பினார். உட்வர்ட் பட்டியல்ல 'நெல்லா கொரிவிண்டம்'னு ஒண்ணு பதிவாயிருக்கு. நெல் விளையற வயல்ல கிடைக்கும், வயல் எலிங்க தோண்டி வெளியே தள்ளும், இரும்பை மெருகேத்த உபயோகப்படுத்துவாங்கன்னு குறிப்பு. 'நெல்லா'வைப் பார்த்ததும் நெல்லுன்னு குதிச்சேன். கூடவே 'தெல்லா'ன்னு இன்னொண்ணும் இருக்கிறதால, தெலுங்குல கறுப்பு வெள்ளைன்னு சொல்ற நல்ல, தெல்லவா இருக்கும்னு இப்ப தோணுது. ஆனா எலி மேட்டர் அருமை இல்லையா? எலி வளையைத் தோண்டினா நெல் கிடைக்கும்னு எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். சாணைக்கல் கிடைச்சதா எங்க ஊர் எலிங்க மேல புகார் இல்லை. அதுக்கெல்லாம் மேற்கே போகணும், சேலம், தருமபுரி, கொங்குப் பக்கம்.

1798-ல் கிரெவில்னு ஒருத்தர் லண்டன் ராயல் சொசைட்டியில இந்தக் கல்லைப் பத்தித் தனியா கட்டுரையே வாசிச்சார். நூறு வருஷம் கழிச்சு 1898-ல் இந்திய நிலவியல் துறையில ஹாலண்ட், குருந்தத்துக்குன்னே ஒரு புத்தகம் போட்டார். தருமபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டி, காங்கேயம் பக்கம் சிவன்மலை எல்லாம் நிலவியல்காரங்க குருந்தம் தேடிப்போன இடங்கள். சிவன்மலைன்னா ஆண்டவன் உத்தரவுப் பெட்டிதானேம்பீங்க. அதே மலைதான். இந்தக் கல்லைப் பொடி பண்ணி, அரக்கை உருக்கிக் கலந்து, உருளையா வார்த்தா சாணைச் சக்கரம். கொல்லன், வாள் தீட்டறவன், ரத்தினம் பட்டை போடறவன் எல்லாருக்கும் அதுதான்.

எஃகும் அந்தப் பக்கத்துக் கதைதான். தென்னிந்திய உருக்கை ஐரோப்பாவுல 'வூட்ஸ்'னாங்க. லண்டன்ல ஜேம்ஸ் ஸ்டோடார்ட்ங்கற கத்தி செய்யறவர், ஐரோப்பாவோட சிறந்த எஃகைவிட இதுதான் மேல்னு தன் கடை விளம்பர அட்டையிலேயே போட்டு, இதுல சவரக்கத்தியும் அறுவை சிகிச்சைக் கருவியும் செஞ்சு வித்தார். அவர் கூடச் சேர்ந்துதான் மைக்கேல் ஃபாரடே, ஆமா, அந்த மின்சார ஃபாரடேதான், 1820 வாக்குல எஃகுக் கலவை ஆராய்ச்சி பண்ணினார். ஃபாரடே அந்த எஃகுல செஞ்ச சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசா கொடுத்தாராம். நம்ம உருக்கைப் பார்த்துக் கிளம்பின ஆராய்ச்சி, லண்டன்ல யாரோ ஒரு பெரிய மனுஷன் தாடையில போய் முடிஞ்சிருக்கு.

அப்புறம் 1891. அமெரிக்காவில எட்வர்ட் அச்செசன் செயற்கை வைரம் பண்ணப் பார்த்து, மணலும் கரியுமா சேர்ந்த ஒரு பளபளப் பொருளை உருவாக்கிட்டார். கார்பனும் கொரண்டமும் கலந்ததுன்னு தப்பா நினைச்சு 'கார்பரண்டம்'னு பேர் வெச்சார். உண்மையில அது சிலிகான் கார்பைடு, குருந்தம் ஒரு துளிகூட இல்லை. ஆனா தப்பா வெச்ச பேர்ல தமிழ் ஒட்டிக்கிச்சு. 1954-ல் முருகப்பா குழுமம் அமெரிக்க, ஆங்கிலக் கம்பெனிகளோட கூட்டுச் சேர்ந்து கார்பரண்டம் யுனிவர்சல் ஆரம்பிச்சுது, தொழிற்சாலை திருவொற்றியூர்ல. குருந்தம் கொரண்டமாகி, கார்பரண்டமாகி, சென்னைக்கே திரும்பி வந்துடுச்சு. ஹாமில்டன் வாராவதி நம்ம மக்கள் வாயில அம்பட்டன் வாராவதியாகி, அதை வெள்ளைக்காரன் மொழிபெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் ஆக்கின கதை தெரியுமில்லையா, அந்த மாதிரி. அந்தப் பாலத்துக்கு இப்ப அம்பேத்கர் பேரு. நல்லதுதான், அந்தப் பழைய சொல்லை யாரும் மரியாதைக்குச் சொன்னதில்லை.

பெரியவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழிச்சு, அவர் பிள்ளை சலூனைப் புதுப்பிக்கும்போது பரண்ல இருந்த அடப்பத்தை என்கிட்ட கொடுத்தார். "இத வெச்சு நான் என்ன தம்பி பண்ணப்போறேன்? நீங்கதான் இதெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கீங்க, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். காசு கொடுக்கப் போனேன், வாங்கலை. உள்ளே ரெண்டு கல்லு. ஒண்ணு கார்பரண்டம் துண்டு, நடுவுல படகு மாதிரி குழிஞ்சது. இன்னொண்ணு உள்ளங்கை அகலத்துல வழவழன்னு கறுப்பு, சிலேட்டு ஜாதி. தோல், எண்ணெய் குடிச்சுக் குடிச்சு வெல்லப்பாகு நிறத்துல இருந்தது. அதோட ஒரு பக்கம் சாம்பல் நிறத்துல அப்பிக்கிடந்தது.

"என்னண்ணே இது?"

"உமிச்சாம்பல். அம்மா நல்லா வெள்ளையா எரிஞ்சதா எடுத்து வேட்டித்துணியில சலிச்சுக் குடுப்பாங்க. விளக்கெண்ணெய் விட்டுக் குழைச்சு அப்பா தேய்ப்பாரு."

ரெண்டு நாள் இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். நெல் உமியை முழுசா எரிச்சா மிஞ்சற சாம்பல்ல பெரும்பகுதி, நூத்துக்கு எம்பத்தஞ்சு தொண்ணூறு பங்கு, சிலிக்கா. மண்ணுல இருக்கிற சிலிக்காவை வேரால உறிஞ்சி நெற்பயிர் உமியில கொண்டுபோய்ச் சேர்க்குது. உமி சுணையா குத்தறது அதனாலதான். பல் தேய்க்க உமிக்கரியும், பாத்திரம் தேய்க்கச் சாம்பலும் அதே காரணத்துக்குத்தான். கல்லே இல்லாத ஊர்ல, கல்லுக்கு உண்டான வேலையைச் செய்யற பொடி வயல்லயே விளைஞ்சுது. அவர் கூலியா வாங்கினதும் நெல்லு, கத்திக்குப் பூச்சும் அந்த நெல்லோட உமி. இது குருந்தம் மாதிரி கடினம் இல்லை. நல்லா பதம் ஏத்தின எஃகை வேகமா வெட்டாது, மெதுவா மெருகு போடும். கடைசிப் படிக்கு வேண்டியது அதுதானே?

தோலைப் பத்தியும் ஒரு வார்த்தை. கத்தித்தோலுக்கு ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட பழைய முறைத் தோல்தான் ஒத்துவருது. மதராஸ் ராஜதானியிலிருந்து அந்தக் காலத்துல கப்பல் கப்பலா போனது இந்த ஆவாரம்பட்டைத் தோல்தான். 1903 வாக்குல ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில குரோம் பதனிடுதலைப் பரப்ப ஆரம்பிச்சார். குரோம் தோல் செருப்புக்கு நல்லது, கத்திக்கு வழுக்கும். கும்பகோணத்துல பெல்ட் கடை பெல்ட் கடையா ஏறி நான் ஏமாந்ததுக்குக் காரணம் இதுதான்னு அப்புறம் புரிஞ்சுது.

இப்ப எழுதக் கஷ்டமான பகுதி.

ஜில்லெட் தன் பிளேடுக்கு அமெரிக்காவில காப்புரிமை வாங்கினது 1904-ல். வீட்டுக்கு வீடு பிளேடு வந்து, தானே மழிச்சுக்கிறவங்க பெருகினாலும் நாவிதர் கையில கத்தி இருந்துகிட்டுதான் இருந்தது. அதை இறக்கி வெச்சது வேற. 1986-ல் சென்னையில டாக்டர் சுனிதி சாலமன் குழு, இந்தியாவில முதல் தடவையா எச்ஐவி கிருமியைக் கண்டுபிடிச்சாங்க. 1994-ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. சுவரெல்லாம் எழுத்து, பஸ்ஸெல்லாம் விளம்பரம். சலூன்ல ஆளுக்கு ஒரு புது பிளேடு கேளுங்கன்னு சொன்னாங்க. சொன்னது சரி. எச்ஐவியைவிட மஞ்சள்காமாலை பி கிருமி இந்த வழியில சுலபமாப் பரவக்கூடியது. ஒரே கத்தியால பத்துப் பேரை மழிச்சது தப்புதான், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை.

1995-ல் நான் பிளஸ் டூ. ஸ்கூல்ல இதைப் பத்திக் கூட்டம் போட்டுப் பேசியிருந்தாங்க. அந்த வாரம் ஞாயித்துக்கிழமை அவர் அடப்பத்தை விரிச்சுத் தோலை இழுத்துப் பிடிச்சப்ப, நான் திண்ணையில நின்னு சத்தமா, "அதெல்லாம் வேணாம், புது பிளேடு இருந்தா பண்ணு, இல்லேன்னா போ"ன்னேன். பண்ணு, போ. பதினேழு வயசு நாக்கு. தாத்தாகூட நிமிர்ந்து பார்த்தார். அவர் ஒண்ணும் சொல்லலை. தோலைச் சுருட்டினார். உள்ளங்கையை வேட்டியில தொடைச்சுக்கிட்டார். அடுத்த வாரம் வரும்போது பிளேடு மாட்டற புதுக் கத்தி கொண்டுவந்தார். டோபாஸ் பிளேடைக் காகிதத்தோட ரெண்டா மடிச்சு உடைச்சு, பாதியை மாட்டி மழிச்சார். அதுல தீட்டறதுக்கு ஒண்ணும் இல்லை. மழிச்சதும் பிளேடைத் தூக்கிப் போட்டார். நான் அறிவியலை நிலைநாட்டின பெருமையில இருந்தேன். சொன்ன விஷயம் சரி, சொன்ன விதத்தை இன்னிக்கு வரைக்கும் முழுங்க முடியலை.

அடப்பம் வாங்கின அன்னிக்குத்தான் அவர் பிள்ளை இதையும் சொன்னார். "பிளேடு வந்தப்புறமும் அப்பா தினம் காலையில கொல்லையில உக்காந்து கத்தியத் தோல்ல போட்டுக்கிட்டுதான் இருந்தாரு தம்பி. யாருக்கும் செரைக்க இல்ல. சும்மா, போட்டுட்டு உறையில வெச்சுடுவாரு."

சரி, கல்லா தோலா? பரீட்சை பண்ணிப் பார்த்தேன். நண்பர் ஒருத்தர் மூலமா வெளிநாட்டுலேருந்து 12000 நம்பர் செயற்கைக் கல்லு வரவழைச்சேன் (விலையை வீட்டுல சொல்லலை, இங்கேயும் சொல்லமாட்டேன், அவங்களும் இதைப் படிப்பாங்க). அதுல முடிச்சா வாய் படுபயங்கரக் கூர். முழங்கை முடி தொடறதுக்கு முன்னாடியே விழுது. ஆனா என் தாடைக்கு எரிச்சல், கழுத்துல சிவப்பு. பச்சைப் பூச்சு மழமழன்னு இருந்தது. பத்துப் பதினஞ்சு தடவை கழிச்சு வாய் உருண்டு இழுக்க ஆரம்பிச்சுது, திரும்பக் கல்லு. அப்புறம் வீட்டுப் பரண்ல உடைஞ்சு கிடந்த ஸ்கூல் சிலேட்டு. மார்க்காபூர் கல்லா இருக்கணும். ஜெர்மனியிலயும் வேல்ஸ்லயும் கத்திக்கல்லா பேர் வாங்கினதும் சிலேட்டு ஜாதிதானேன்னு ஒரு நப்பாசை. தண்ணி விட்டுத் தேய்ச்சேன். முதல் நாள் பிரமாதம். ரெண்டாம் நாள் உள்ளேயிருந்த ஏதோ ஒரு கடினத் துணுக்கு வாயில கீறிட்டுது. பல்பத்துக்குத்தான் லாயக்கு. பெரியவரோட கறுப்புக் கல்லுல அந்தத் துணுக்கே இல்லை. வெளியூர்க் கல்லுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்க அவர் குடும்பத்துல யாரோ எத்தனை கல்லைத் தேய்ச்சுத் தூக்கிப் போட்டிருக்கணும்!

கடைசியா ரைஸ் மில்லுல இருந்து உமிச்சாம்பல் கொண்டுவந்தேன். வேட்டித்துணியில மூணு தடவை சலிச்சு, விளக்கெண்ணெயில குழைச்சு, அவரோட தோல்ல தேய்ச்சேன். கறுப்புக் கல்லுல வாய் எடுத்து, இதுல இருபது, வெறும் பக்கத்துல நாப்பது. மறுநாள் காலையில எரிச்சல் இல்லை. கூர் அந்த 12000 கல்லு அளவுக்கு இல்லைதான், ஒப்புக்கிறேன். ஆனா மூணு வாரம் கல்லைத் தொடாம ஓடினது. இந்தக் கத்தி என் ஒருத்தன் முகத்துக்கு மட்டும்தான், அதனால அந்தச் சுவரெழுத்து பயமும் இல்லை.

போன வாரம் கத்தியை எடுத்துக்கிட்டு சலூனுக்குப் போனேன். அண்ணன் வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்துல லேசா வெச்சு இழுத்தார்.

"முனைப் பக்கம் நல்லாருக்கு. குதிகால் பக்கம் கல்லு பத்தல. அப்பா கல்ல செவ்வாய்க்கிழமைதான் எடுப்பாரு, தெரியுமா? செவ்வாய்க்கிழமை யாரும் தலை குடுக்க மாட்டாங்கள்ல. அன்னிக்குப் பூரா ஓய்வு. கல்லு ஒரு நாளு, தோலு ஆறு நாளு."

சொல்லிக்கிட்டே அவரையும் அறியாம உள்ளங்கையை விரிச்சு நாலு இழுப்பு போட்டார். பிளேடு உடைச்சுப் பழகின கை, ஆனா தாளம் அப்படியே இருந்தது. கத்தியைத் துடைச்சு, மடக்கி, என்கிட்ட நீட்டினார்.

இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. கறுப்புக் கல்லு கிணத்தடியில ஊறிக்கிட்டு இருக்கு. குதிகால் பக்கம் பாக்கி.